"மேட்ச் முடியல தாத்தா"

மதிப்புக்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். எனக்கு 67 வயது, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். பெங்களூரில் இருந்த மகளும் மருமகனும் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது பேரனை எங்களிடம் விட்டுப் போனார்கள். இரண்டு வருஷமாக இங்கேதான் படிக்கிறான். இப்போது பத்தாம் வகுப்பு.

ராத்திரி எட்டரைக்கு என் போனை எடுத்தால் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற சுடும் கேம்தான். கூட ஆடுவது பெங்களூர்ப் பழைய பள்ளிக்கூடத்துப் பையன்கள் மூன்று பேர். "சாப்பிட வாலே" என்று ஆச்சி கூப்பிட்டால் "மேட்ச் முடியல" என்பான். மருமகன் சொன்னபடி தினம் இரண்டு மணி நேரம் என்று போனில் டைமர் வைத்தோம். பத்தரைக்குப் படுத்துவிடுகிறான். ஆனால் நடுராத்திரிக்கு மேல் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான். போன மாதம் பொறுக்கமாட்டாமல் ஆட்டத்தின் நடுவிலேயே போனைப் பிடுங்கினேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் பென்ஷன் கணக்கில் இருந்து ஜிபே வழியாக 1,180 ரூபாய் சிறுகச் சிறுகப் போயிருக்கிறது. கேட்டால் "டைமண்ட் வாங்கினேன்" என்கிறான். காலாண்டில் கணக்கு 41 மார்க்.

மற்றபடி பள்ளிக்கூடம் தவறாமல் போகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கும் வாலிபாலுக்கும் போவான். மருமகன் "கேமை அழித்துவிடுங்கள்" என்கிறார். கம்ப்யூட்டர் ஆசிரியரோ "கேம் ஆடினால் மூளை கூர்மையாகும், கேமிலேயே பாடம் படிக்கலாம்" என்கிறார். இது வியாதியா? யார் சொல்வதைக் கேட்பது?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸ்ஆர்டர்' என்று ஒன்று உண்டு. அதில் எத்தனை மணி நேரம் ஆடினான் என்ற கணக்கு கிடையாது. ஆட்டத்தைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் முந்திக்கொள்வது, கெடுதல் வந்த பின்னும் விடாமல் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, படிப்பையோ குடும்ப வாழ்வையோ பலமாகக் கெடுத்து, பொதுவாக 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். பள்ளிக்கும் ஆற்றுக்கும் போய்வருகிற பையனுக்கு இப்போது அந்தப் பெயரை ஒட்ட வேண்டாம். கெட்டிருப்பது தூக்கமும் பணமும்.

தூக்கத்துக்கு வருவோம். போனில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங் டைமர் நாள் கணக்கில் ஓடுவது. ராத்திரி 12 மணி ஆனதும் புது நாள், மறுபடி முழு இரண்டு மணி நேரம். பத்தரைக்குப் படுத்த பையன் நடுராத்திரியில் விழிப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். போதாததற்கு அந்த டைமரை யார் வேண்டுமானாலும் செட்டிங்ஸில் போய் மாற்றலாம். இன்னொரு ஆப் தேடி அலைய வேண்டாம். பத்து மணிக்குப் போன் உங்கள் அறையில் சார்ஜில் இருக்கட்டும், திரைப் பூட்டை மாற்றிவிடுங்கள். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பான், முன்கூட்டியே ஒரு மேசைக் கடிகாரம் வாங்கி வைத்துவிடுங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஆறுக்கு எழ வேண்டியவன் பத்துக்குக் கண் மூடினால்தான் அதில் குறைந்த அளவாவது கிடைக்கும்.

அன்றைக்குத் தட்டு ஏன் பறந்தது என்பதற்கு ஆட்டத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். சுமார் ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசி வரை நிற்பவர் ஜெயிக்கிற ஆட்டம் அது. எதிரில் இருப்பவர்கள் உண்மையான ஆட்கள் என்பதால் நடுவில் நிறுத்திவைக்கிற வசதி இல்லை. நால்வர் அணியில் ஒருவன் பாதியில் போனால் மற்ற மூவருக்கும் நஷ்டம், இவனுக்கு ரேங்க் புள்ளியும் இறங்கும். 'ஒன்பது மணியோடு சரி' என்பது நமக்குத் தெளிவான கட்டளை. அவனுக்கோ 8.55-க்குத் தொடங்கிய ஆட்டத்தில் பாதி. ஆகவே நிமிடத்தை விட்டு ஆட்டத்தை எண்ணுங்கள். ஒரு ஆட்டம் சுமார் 10 முதல் 15 நிமிடம். பள்ளி நாளில் மூன்று ஆட்டம், எட்டேகாலுக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடியும். ஒன்பதுக்கு மேல் புதிதாக எதுவும் தொடங்கக் கூடாது. ஆட்டம் முடிந்து லாபிக்கு, அதாவது கேமின் முகப்புத் திரைக்குத் திரும்பிய நொடிதான் போனைக் கேட்க ஏற்ற நேரம். "இது எத்தனாவது மேட்ச்?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள், கை நீட்ட வேண்டாம். வாக்கை மீறினால் மறுநாள் ஒரு ஆட்டம் குறையும், அவ்வளவே. ஒரு வாரம் போன் கிடையாது என்ற தண்டனையை உங்களாலேயே காப்பாற்ற முடியாது, மூன்றாம் நாள் ஆச்சி கொடுத்துவிடுவார்கள். முதல் வாரம் பேரம் அதிகமாக இருக்கும், கூச்சலும் கூடும். கூச்சலுக்கு ஒரு ஆட்டம் கூட்டிக் கொடுத்தால் அதுவே பழகிவிடும்.

கேமை அழிக்க வேண்டும் என்கிற மருமகனோடு நான் ஒத்துப்போகவில்லை. காரணம் அந்த மூன்று பையன்கள். அம்மா அப்பா கடல் கடந்து, ஊர் மாறி, பள்ளி மாறி வந்தவனுக்குப் பழைய சிநேகம் மிச்சமிருப்பது இந்த ஆட்டத்தில்தான். நம் பக்கத்துப் பையன்களுக்குச் சாயங்காலத்தில் வாய்க்கால் பாலத்துச் சுவர் எப்படியோ, அவனுக்கு இது அப்படி. அவர்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று கேட்டு அதை ஒட்டி நேரத்தை வையுங்கள். அவர்கள் எட்டரைக்குத்தான் வருகிறார்கள் என்றால் மூன்றை இரண்டாக்கி எட்டரைக்கே தொடங்கலாம்.

பணத்தில் மட்டும் தயவு வேண்டாம். 'லக் ராயல்' என்று ஒரு சுழற்சி அதில் உண்டு. காசு கொடுத்து வாங்கிய டைமண்டைப் போட்டுச் சுற்றினால் என்ன விழும் என்று தெரியாது. பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் பழக்கம் மிக இறுக்கமாகப் பிடிக்கும் என்பதைப் புறாக்களை வைத்து உளவியலாளர் ஸ்கின்னர் காட்டி எத்தனையோ காலமாயிற்று. பிளே ஸ்டோரில் முகப்படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில், ஒவ்வொரு வாங்குதலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி மாற்றுங்கள். அங்கே சேமித்துள்ள கார்டு, யூபிஐ விவரங்களை நீக்குங்கள். யூபிஐ பின்னை மாற்றுங்கள். பின் கேட்காமலே சிறு தொகை போகிற யூபிஐ லைட் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இனி தெரியாமல் பணம் போனால் 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோரிலேயே திரும்பக் கேட்கலாம். ரம்மி போலக் காசு கட்டி ஆடும் ஆப் எதுவும் போனில் இல்லையா என்றும் பாருங்கள். அவற்றுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தடைச் சட்டமே கொண்டுவந்துவிட்டது.

ஆசிரியர் சொல்வது பாதி சரி. 2003-இல் கிரீன், பாவலியே என்ற இரு ஆய்வாளர்கள், சுடும் வகை ஆட்டம் கண்ணின் கவனத்தை விரிவாக்குகிறது என்று காட்டினார்கள். திரையின் ஓரத்தில் அசைவதை டக்கென்று கண்டுபிடிக்கிற திறமை அது. இருபடிச் சமன்பாட்டுக்கு அது உதவும் என்று யாரும் காட்டவில்லை. சரியான விடைக்கு நாணயம் கொடுக்கிற 'கல்வி கேம்'களும் பெரும்பாலும் வீண். பாடத்தை எடுத்துவிட்டாலும் ஆட்டம் அப்படியே ஓடுமானால் பையன் பாடத்தைத் தாண்டத்தான் பார்ப்பான்.

இவனுக்கு ஏற்றது கேம் செய்து பார்ப்பது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட, கேம் செய்யப் பழக்கும் ஸ்கிராட்ச் என்ற மென்பொருள் இலவசம். இணையம் இல்லாமலும் கம்ப்யூட்டரில் ஓடும். போனில் திரை சிறிது, ஆசிரியரிடம் சொல்லிப் பள்ளி லேபில் வாரம் ஒரு மணி நேரம் கேளுங்கள். ஸ்கிராட்ச் மேடையே ஆயத்தொலைத் தளம்தான்: எக்ஸ் -240 முதல் 240 வரை, ஒய் -180 முதல் 180 வரை. ஒரு பொம்மையைக் குதிக்க வைக்கட்டும். 'வேகம்' என்று ஒரு மாறி, பொத்தானை அழுத்தினால் 12. ஒவ்வொரு சுற்றிலும் ஒய்யோடு வேகத்தைக் கூட்டி, பிறகு வேகத்தில் 1 குறைக்க வேண்டும். பொம்மை எவ்வளவு உயரம் போகும்? 12+11+10 என்று 1 வரை, ஆக 78. பத்தாம் வகுப்புக் கூட்டுத் தொடர் அதுதான். 120 உயரத்தில் உள்ள பலகையில் ஏற வேண்டுமானால் தொடக்க வேகம் என்ன என்று கேளுங்கள். 15 என்று அவனே கண்டுபிடிப்பான். இறங்கும்போது பொம்மை தரைக்குள் புதைந்து நிற்கலாம், பலருக்கும் முதலில் அப்படி ஆவதுண்டு. கடைசிச் சுற்றில் பத்துப் பன்னிரண்டு புள்ளி ஒரே தாவாகத் தாவுவதால், தரையைத் தொட்டது தெரிவதற்குள் உள்ளே போய்விடுகிறது. தொட்டிருக்கும்வரை ஒவ்வொரு புள்ளியாக மேலே தூக்கி, வேகத்தைப் பூஜ்யமாக்கினால் சரியாகும். இதை அவன் உங்களுக்கு விளக்கட்டும். இயற்பியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற கம்ப்யூட்டர் செயல்விளக்கங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன, மின்சுற்றுப் பாடத்துக்கு மிக நல்லது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: 'மார்க் வாங்கினால் இன்னும் ரெண்டு மேட்ச்' என்று பேரம் வைக்காதீர்கள். அது ஆட்டத்தின் விலையைத்தான் ஏற்றும்.

நான்கு வாரம், எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை ஆட்டம் ஆடினான் என்று ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். அவனுக்குத் தெரிந்தே குறியுங்கள். அதற்குள் பள்ளிக்குப் போக மறுத்தாலோ, மறுபடி பணம் எடுத்தாலோ, வாலிபாலையும் விட்டாலோ, அந்த நோட்டோடு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் நான்கு வாரம் காத்திராமல் அன்றைக்கே போக வேண்டும். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி சேவையில் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.