ஜப்பானிய மொழிக்கு ஆங்கிலம் வழியாக ஏன் போகிறீர்கள்?

கேள்வி: நர்ஸிங் டிப்ளமா முடித்துவிட்டு, முதியோர் பராமரிப்பு வேலைக்காக ஜப்பான் போகத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் (JLPT) என்4 நிலை தேறிவிட்டேன். ஆனால், ஆன்லைனில் ஒரு ஜப்பானியப் பெண்மணியிடம் பேச உட்கார்ந்தால் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல வரவில்லை. தினமும் வார்த்தைப் பட்டியலை ஆங்கில அர்த்தத்தோடு உருப்போடுகிறேன். ஒரு வாரத்தில் மறந்துபோகிறது. பழமொழி, மரபுத்தொடர் எல்லாம் படித்தால் பேச்சு வரும் என்கிறாள் தோழி. அதெல்லாம் வீண் வேலை என்கிறார்கள் பயிற்சி மையத்தில். நான் எதை, எப்படிப் படிப்பது?
- வாசகி, தென்காசி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

என்4 தேறியும் வாய் வரவில்லையே என்று நீங்கள் மனம் குன்ற வேண்டியதே இல்லை. அந்தத் தேர்வில் பேச்சுக்கென்று ஒரு பகுதியே கிடையாது. கொடுத்திருக்கும் விடைகளில் சரியானதைக் குறிப்பதுதான் முழுத் தேர்வும். வாசித்தாலும் கேட்டாலும் உங்களுக்குப் புரிகிறது என்பதற்கு அது சான்று. பேச்சு தனியாகப் பழகவேண்டிய ஒன்று. நீங்கள் உருப்போடும் 'என்4 பட்டியல்' தேர்வு நடத்துபவர்கள் கொடுத்ததும் அல்ல. 2010-ல் தேர்வு முறையை மாற்றியபோதே அதிகாரபூர்வமான சொல் பட்டியல் வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். அதனால் அந்தப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'ஆங்கில அர்த்தத்தோடு' என்ற இடம்தான். தமிழ் பேசுகிற பிள்ளைகள் ஜப்பானிய மொழிக்கு ஆங்கிலம் வழியாகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து ஊர் வழியாகப் போகிற கதை அது. ஒரு பழமொழியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 'சாரு மோ கி காரா ஒச்சிரு'. சாரு என்றால் குரங்கு, மோ என்பது நம்முடைய 'உம்', கி என்றால் மரம், காரா என்பது 'இலிருந்து', ஒச்சிரு என்றால் விழும். குரங்கும் மரத்திலிருந்து விழும். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நாம் சொல்வதுதான் பொருள். இதையே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால் வாக்கியத்தைத் தலைகீழாக இரண்டு முறை புரட்ட வேண்டும். பேசும்போது நீங்கள் திணறுவதற்கு முக்கியமான காரணம் இந்தப் புரட்டல்தான்.

இன்னும் சொல்கிறேன். 'தாபெதே மிரு' என்பதற்கு 'சாப்பிட முயற்சி செய்' என்ற பொருளில் ஏதோ ஓர் ஆங்கிலத் தொடரை எழுதிவைத்திருப்பீர்கள். மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார், அவ்வளவுதான். ஒகு என்றால் வை. ஆகவே 'காய்தே ஒகு' என்றால் எழுதி வை. 'வாசுரெதே ஷிமாவு' மறந்துவிடு. 'மொத்தே குரு' எடுத்துட்டு வா, 'மொத்தே இகு' எடுத்துட்டுப் போ. 'தெ' வடிவம் என்று வகுப்பில் எல்லோரையும் பயமுறுத்துகிறார்களே, அது நம் வினையெச்சம். செய்து, வந்து, பார்த்து. 'சாப்பிட்ட ஆள்' என்று பெயரெச்சம் போட்டுச் சொல்வதும் அங்கே அதே வரிசைதான்: 'தாபெதா ஹிதோ'. கொரே, சொரே, அரே என்று மூன்று சுட்டு இருப்பதைக் கண்டும் குழம்ப வேண்டாம். இது, உது, அது. கேட்பவருக்கு அருகில் இருப்பதைச் சுட்டும் 'உது' தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இரு மொழிகளுக்கும் ரத்த உறவே உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாக்கிய அமைப்பு இவ்வளவு ஒத்துப்போகிறது என்பது உங்களுக்குக் கையில் கிடைத்த வசதி. அதைப் பயன்படுத்துங்கள். நோட்டில் இருக்கும் ஆங்கில அர்த்தத்தை எல்லாம் அடித்துவிட்டு, வீட்டில் பேசுகிற தமிழில் எழுதுங்கள். எழுத்துத் தமிழ்கூட வேண்டாம்.

எந்த வார்த்தையில் தொடங்குவது? அன்றாடம் வாயில் புழங்குவதிலிருந்து. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர்கள் 'இத்தே கிமாசு' என்பார்கள்: போய்ட்டு வரேன். இருப்பவர் 'இத்தே ராஷ்ஷாய்' என்பார்: போய்ட்டு வாங்க. வேலை முடிந்து மேலதிகாரியிடமோ உடன் வேலை செய்பவரிடமோ விடைபெறும்போது 'ஒத்சுகாரெசாமா தெஷிதா': உழைத்துக் களைத்திருப்பீர்கள், நன்றி. இதே பொருளில் 'கொகுரோசாமா' என்றும் ஒன்று உண்டு. அது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்வது, நீங்கள் மேலதிகாரியிடம் சொல்லக் கூடாது. இப்படி, ஒவ்வொரு தொடரையும் யார் யாரிடம் சொல்வது என்பதோடு சேர்த்தே நோட்டில் ஏற்றுங்கள். தனி வார்த்தையாக ஏற்றினால் மறக்கும். ஆளோடும் இடத்தோடும் ஏற்றினால் நிற்கும்.

உங்கள் தொழிலில் 'கொயெகாகெ' என்று ஒன்று உண்டு, தெரிந்திருக்கும். முதியவரைத் தொடுவதற்கு முன்னால், செய்யப்போவதை அவரிடம் வாய்விட்டுச் சொல்வது. 'ஷித்சுரெய் ஷிமாசு' என்று அனுமதி கேட்டு, 'ஒகிமாஷோ கா' (எழுந்துக்கலாமா?) என்று கேட்டு, 'இதாகு நாய் தெசு கா' (வலிக்கலையே?) என்று விசாரித்து, பிறகுதான் அடுத்த வேலை. உங்கள் பேச்சுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. வீட்டில் பாட்டி இருந்தால் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, உட்காரவைத்து, செருப்பு மாட்டி, நடத்திக் கூட்டிப்போவது வரை ஒவ்வொரு அசைவையும் ஜப்பானிய மொழியில் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பாட்டி சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்து இரட்டைக்கிளவி. இதைப் பயிற்சி மையங்கள் ஒதுக்கிவைப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. முதியவர் ஒருவர் தன் வலியை எப்படிச் சொல்வார்? 'சுகிசுகி' என்றால் விண்விண்ணென்று தெறிக்கிறது. 'சிகுசிகு' (ch ஒலியோடு) என்றால் சுருக்சுருக்கென்று குத்துகிறது. 'ஹிரிஹிரி' தோல் எரிச்சல். 'கங்கங்' மண்டையிடி. 'முகாமுகா' குமட்டல். 'குராகுரா' கிறுகிறுப்பு. இவற்றில் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டால் நர்ஸிடம் தவறான தகவல் போகும். ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவருக்கு இந்தச் சொற்கள் பெரும்பாடு. சொரசொர, வழவழ, பிசுபிசு, பளபள என்று தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்த உங்களுக்கு அப்படி இல்லை. சராசரா (z ஒலியோடு) சொரசொர, நுருநுரு வழவழ, பெதாபெதா பிசுபிசு, பிகாபிகா பளபள. ஜோடி ஜோடியாக எழுதினால் ஒரே உட்காரலில் இருபது வரும்.

உடலுறுப்பை வைத்து வரும் மரபுத்தொடர்களும் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். 'மிமி கா தோய்' என்றால் நேர்ப்பொருளில் காது தொலைவு. காது மந்தம் என்பதை நாகரிகமாகச் சொல்லும் விதம். 'ஹாரா கா தாத்சு' வயிறு எழுகிறது, அதாவது கோபம் வருகிறது. வயிற்று வலி என்று குறித்துவிடாதீர்கள். 'அமாய் மொனோ நி மே கா நாய்' என்று ஒரு தாத்தா சொன்னால், இனிப்புக்குக் கண் இல்லை, பிடிக்காது போல என்று தோன்றும். நேர் எதிர். இனிப்பு என்றால் அவருக்கு உயிர். அவர் சர்க்கரை நோயாளி என்றால் இந்த ஒரு தொடர் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

வட்டாரச் சொல் தனி. 'கொவாய்' என்றால் பயமாக இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். ஹொக்கைதோவிலும் வடகிழக்கிலும் ஒரு பாட்டி 'கொவாய்' என்றால் பெரும்பாலும் உடம்பு முடியவில்லை, அசதியாக இருக்கிறது என்று பொருள். நகோயா பக்கம் அதற்கு 'எராய்', ஒசாகா பக்கம் 'ஷிந்தோய்'. எந்த ஊரில் வேலை என்று தெரிந்த அன்றே அந்த ஊர்ப் பேச்சில் வலி, அசதி, பசி, குளிர் ஆகியவற்றுக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பழமொழிக்கு வருகிறேன். உங்கள் தோழி சொல்வதில் பாதி சரி. பழமொழி படித்துப் பேச்சு வராது. ஆனால் உங்கள் வேலைக்கு அது வீணும் அல்ல. ஜப்பானியச் சிறுவர்கள் புத்தாண்டு நாட்களில் 'இரோஹா கருதா' என்ற சீட்டு விளையாடும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பழமொழி, மொத்தம் 48. இன்று முதியோர் இல்லங்களில் இருக்கும் பலர் அந்த விளையாட்டில் வளர்ந்தவர்கள். அதனால் பழமொழியின் முதல் பாதியைச் சொல்லி அவர்களை முடிக்கச் சொல்வது அங்கே பொழுதுபோக்கு நேரத்தில் நடப்பதுதான். நீங்கள் 'ஹானா யோரி...' என்று இழுத்தால் 'தாங்கோ!' என்று குரல் வரும். பூவைவிடக் கொழுக்கட்டை என்று பொருள். பார்த்து ரசிப்பதைவிட வயிற்றுக்குக் கிடைப்பது மேல். ஊன்றுகோல் வேண்டாம் என்று அடம்பிடிப்பவரிடம் 'கொரொபானு சாகி நோ த்சுவே' என்று சொல்லிப் பாருங்கள். விழும் முன்னே கோல் என்று பொருள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த வாக்கு என்பதால் உங்கள் கட்டளையைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஆனால் எல்லாவற்றையும் வாயில் எடுத்துவிடக் கூடாது. அதே சீட்டுக்கட்டில் 'தோஷியோரி நோ ஹியாமிசு' என்று ஒன்று உண்டு: கிழவரின் குளிர்ந்த நீர். வயதுக்கு மீறி உடம்பை வருத்துவதைக் குத்திக்காட்டுவது. முதியவர் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளலாம், நீங்கள் சொன்னால் அவமானம். முதலில் சொன்ன குரங்குப் பழமொழியையும் மேலதிகாரி தவறியபோது சொல்லி ஆறுதல்படுத்தப் போகாதீர்கள். அவரைக் குரங்கு என்றதாகிவிடும். ஜப்பானியர்களே தடுமாறும் பழமொழியும் உண்டு. 'நாசாகெ வா ஹிதோ நோ தாமே நாராசு' என்றால், பிறருக்குச் செய்யும் நன்மை ஒருநாள் நமக்கே திரும்பி வரும் என்று பொருள். இரக்கம் காட்டினால் அந்த ஆள் கெட்டுப்போவான் என்று அங்கே ஏறக்குறைய பாதிப் பேர் தவறாகப் புரிந்துவைத்திருப்பதாக அவர்களுடைய கலாசார முகமை நடத்திய கணக்கெடுப்பே காட்டியது. ஆகவே பழமொழி கேட்பதற்கு நிறைய, சொல்வதற்குக் கொஞ்சம்.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். அன்பு மிகுதியில் 'ஒபாசான்' (பாட்டி) என்று கூப்பிடத் தோன்றும். நம் ஊரில் அது பாசம். அங்கே பல இல்லங்களில் அது மரியாதைக் குறைவு. குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். 'நீங்கள்' என்பதற்கு 'அனாதா' என்று படித்திருப்பீர்கள். பெரியவர்களிடம் அதைத் தவிர்த்துப் பெயரையே சொல்லுங்கள். 'தெத்சுதாத்தே அகெமாசு' என்றால் உதவி செய்து கொடுக்கிறேன் என்று நல்லவிதமாகத்தான் நமக்குப் படும். கேட்பவருக்கோ நீங்கள் தயவு பண்ணுகிற தொனி தெரியும். 'ஒதெத்சுதாய் ஷிமாசு' என்று சொல்லுங்கள். 'தாய்ஜோபு' (பரவாயில்லை) என்று ஒருவர் சொன்னால் மட்டும் நம்பி நகர்ந்துவிடாதீர்கள். பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற எண்ணத்தில் வளர்ந்த தலைமுறை அது. வலியோடும் பரவாயில்லை என்பார்கள். முகத்தைப் பாருங்கள், இன்னொரு முறை கேளுங்கள்.

படிக்க என்ன புத்தகம் என்று கேட்பீர்கள். ஜப்பான் ஃபவுண்டேஷனின் 'இரோதோரி' பாடநூலை ஒலிப்பதிவுகளோடு இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வீடு, கடை, மருத்துவமனை, வேலையிடம் என்று வாழ்க்கைச் சூழலை வைத்தே எழுதியது. முதலில் ஒலியை மட்டும் கேட்டு, கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். புத்தகத்தைப் பிறகு திறங்கள். அனிமே பார்ப்பதில் தவறில்லை, அதில் வரும் 'ஒரே' (நான்), 'ஒமாயே' (நீ) போன்ற முரட்டுச் சொற்களை இல்லத்தில் வாயில் எடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். 2019-ல் தொடங்கிய 'தொகுதெய் கினோ' (குறிப்பிட்ட திறன் பணியாளர்) விசாவில் பராமரிப்பு வேலைக்குப் போவதானால் என்4 மட்டும் போதாது. பராமரிப்புத் திறன் தேர்வும், பராமரிப்பு ஜப்பானிய மொழித் தேர்வும் தனித்தனியாக உண்டு. உங்கள் கடிதத்தில் அந்த இரண்டைப் பற்றியும் பேச்சே இல்லை. மையத்தில் பணம் கட்டும் முன்னால், அந்தத் தேர்வுகளுக்குப் பாடம் எடுப்பார்களா, எப்போது எழுதவைப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.