சைட் இன்ஜினியர் சொத்து மதிப்பீட்டாளர் ஆகலாமா?

கேள்வி: பி.இ. சிவில் முடித்து மூன்று ஆண்டாக மார்த்தாண்டத்தில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். வங்கிக் கடனுக்கு நிலம், வீடு மதிப்பு போடும் வேல்யுவர் ஆக ஆசை. என்ன வழி?

பதில்: ஆகலாம். ஆனால் இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013-இன் கீழ் பதிவு பெற, நிலம்-கட்டடப் பிரிவில் சிவில் பட்டதாரிக்குப் படிப்புக்குப் பின் 5 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். உங்கள் சைட் அனுபவமும் இதில் சேரும். அதனால் வேலையை விடாதீர்கள். அனுபவச் சான்றிதழை ஒழுங்காக வாங்கி வையுங்கள். அப்புறம் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி 50 மணி நேர வகுப்பு. அதன்பின் ஐபிபிஐ (இந்திய திவால் வாரியம்) நடத்தும் கணினித் தேர்வு. 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி.

இதெல்லாம் படித்தால் வந்துவிடும். நம்ம ஊர் நிலத்தைப் படிப்பதுதான் கஷ்டம். அதனால் இந்த இரண்டு ஆண்டில் லீவு நாட்களில் மூத்த வேல்யுவர் ஒருவருடன் ஆய்வுக்குப் போங்கள். திருவட்டார் பக்கம் ஒரு ரப்பர் விளை (தோட்டம்) என்று வையுங்கள். கன்று நட்டுப் பால் வெட்ட ஏழு ஆண்டு ஆகும். முப்பதை நெருங்கினால் மரத்தை வெட்டி மறுபடி நட வேண்டும். ஐந்து வயது மரம் நிற்கும் விளைக்கும் இருபத்தைந்து வயது மரம் நிற்கும் விளைக்கும் சென்ட் விலை ஒன்றாகுமா? அதோடு, கடன் கட்டாதவரின் சொத்தை கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி எடுக்க வழி தரும் சர்ஃபேசி சட்டத்தில் விவசாய நிலத்தை ஜப்தி செய்ய முடியாது. வங்கி தயங்குவது அதனால்தான். அறிக்கையில் நிலத்தின் வகைப்பாட்டை மறைக்காமல் எழுதுங்கள்.

விளைக்குள் கார் போகும் வழி உண்டா, அந்த வழி பத்திரத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பக்கத்துக்காரர் 'போய்க்கோ' என்று விட்ட வழியை நம்பி மதிப்பு போடக் கூடாது. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. பழைய மூலப்பத்திரம் மலையாளத்தில் வரும், வாசிக்கத் தெரிந்த ஆளைப் பிடித்து வையுங்கள். குளச்சல், மணக்குடி பக்கம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தையும் (கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள கரையோரப் பகுதி) பார்க்க வேண்டும். அரசு வழிகாட்டி மதிப்பை அப்படியே சந்தை விலையாக எழுதிவிடாதீர்கள்.

பதிவு கிடைத்த உடனே வேலை வந்து குவியாது. ஒவ்வொரு வங்கிக்கும் தனிப் பட்டியல், தனி விண்ணப்பம். கொஞ்ச நாள் சைட் சம்பளமும் கையில் இருக்கட்டும்.