மிலுவோ ஆற்றைத் தாண்டியபின்

அன்புள்ள ஐயா,

சீனாவின் ஹூனான் மாகாணத் தலைநகர் சாங்ஷாவைப் பிடிக்க, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பான் மூன்று தடவை போய் மூன்று தடவையும் தோற்றது என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். மூன்றாவது போரில் 50,000க்கு மேற்பட்ட ஜப்பானியரைக் கொன்றும் காயப்படுத்தியும் விரட்டினோம் என்கிறது சீனத் தரப்பு. ஜப்பானியக் கணக்கிலோ செத்தவர்கள் 1,600 பேர்கூட இல்லை. அப்படியானால் இது வெற்றியா, பிரசாரமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் என் தவறு. இரண்டாவது தடவை, 1941 செப்டம்பரில், ஜப்பானியர் சாங்ஷாவுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள், சில நாளில் திரும்பினார்கள். அதைத் தோல்வி என்று ஒரே போடாகப் போட்டிருக்கக் கூடாது.

50,000 கணக்கை நானும் நம்பவில்லை. மூன்றாவது போருக்கு வந்ததே முக்கியமாக மூன்று டிவிஷன்தான் (பெரிய படைப்பிரிவு). ஆனால் பிணத்தை எண்ணியா வெற்றியை முடிவு செய்வது? எதற்கு வந்தார்கள், எப்படிப் போனார்கள் என்று பாருங்கள்.

1941 டிசம்பரில் மூன்றாவது தடவையாக அவர்கள் கிளம்பியது, ஜப்பான் அப்போது தாக்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஹாங்காங்குக்குச் சீனப் படை உதவிக்குப் போகாமல் தடுக்கத்தான். சாங்ஷாவுக்கு வடக்கே உள்ள மிலுவோ ஆறுவரை வந்தால் போதும் என்பது திட்டம். (பண்டைச் சீனக் கவிஞர் சூ யுவான் மூழ்கி இறந்ததாகச் சொல்லும் அதே ஆறு.) டிசம்பர் 25 அன்று ஹாங்காங் சரணடைந்தது. வேலை முடிந்தது, திரும்பியிருக்கலாம். ஜப்பானியத் தளபதி அனாமிக்கு ஆசை விடவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, சாங்ஷாவையும் பார்த்துவிடுவோம் என்று படையைத் தெற்கே தள்ளினார். கையிருப்புக் குண்டும் சோறும் ஆறுவரைக்கானவை.

வழியும் வழியாக இல்லை. சீனத் தளபதி ஷுவே யுவே ஊர்மக்களை வைத்தே சாலைகளை வெட்டிப் போட்டிருந்தார். வரப்பு மாதிரி ஒற்றையடிப் பாதைதான் மிச்சம். ஆள் நடக்கலாம், கனரகப் பீரங்கி வராது. எதிரியை உள்ளே விட்டு நாலு பக்கமும் மூடும் இந்த உத்திக்கு 'வானத்துச் சூளை' என்று பேர் வைத்திருந்தார் மனுஷர். சியாங் ஆற்றுக்கு மேற்கே யுவேலு மலையில் சீனப் பீரங்கிகள். நகரம் அவற்றுக்குக் கண்ணெதிரே. ஜனவரி 1 அன்று தாக்கியவர்கள் 4ஆம் தேதி இரவே பின்வாங்கினார்கள். வந்த ஆறுகளையெல்லாம் அடிவாங்கிக்கொண்டே திரும்பக் கடந்தார்கள்.

சீனத் தரப்பு ஏன் எண்ணிக்கையை ஊதியது? 1938 நவம்பரில் எதிரி வருமுன்பே இந்த நகரத்தைக் கொளுத்தியது அவர்களேதான். ஆயிரக்கணக்கானோர் வெந்து செத்தார்கள். மூன்று அதிகாரிகளைச் சுட்டுக் கொன்று கணக்கை முடித்தார்கள். அந்தக் கறையைக் கழுவப் பெரிய எண் தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

அப்புறம், 1944 ஜூனில் சாங்ஷா விழுந்தது. அதே ஷுவே யுவே, அதே சூளை. ஆனால் அந்தத் தடவை ஜப்பானியர் யுவேலு மலைக்கென்றே தனியாக ஒரு டிவிஷனை அனுப்பியிருந்தார்கள்.