குருவி ஆறா, ஒன்பதா?

படப் புத்தகத்தை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பது பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களிலிருந்து நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகளுக்கு மூன்றரை வயது. இருபது வரை தடங்கல் இல்லாமல் சொல்வாள். ஆனால் புத்தகத்தில் ஒரு கிளையில் ஆறு குருவி இருந்தால், ஒருநாள் ஒன்பது என்கிறாள், மறுநாள் ஏழு என்கிறாள். எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேட்டால் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள். ஏதாவது குறையா?

குறை ஒன்றும் இல்லை. இந்த வயதில் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள். ஒன்று இரண்டு மூன்று என்று சொல்வது இப்போது அவளுக்கு ஒரு பாட்டு மாதிரி. அந்தப் பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு குருவிக்குப் பிரித்துக் கொடுப்பது வேறு வேலை, கடைசியாக வாயில் வந்த சொல்தான் மொத்தக் குருவிகளுக்கும் உரிய எண் என்று புரிந்துகொள்வது அதைவிடக் கடினமான இன்னொரு வேலை. ரோஷெல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-லேயே இவற்றைத் தனித்தனித் திறன்களாகப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். பிறகு 1990 வாக்கில் காரன் வின் என்ற ஆய்வாளர் பிள்ளைகளிடம் “எனக்கு மூன்று பொம்மை கொடு” என்று கேட்டுப் பார்த்தார், அழகாக எண்ணத் தெரிந்த பிள்ளைகளிலேயே பலர் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார்கள். ஒன்று என்றால் என்ன என்று புரிய ஒரு காலம், இரண்டுக்கு இன்னும் சில மாதம், மூன்றுக்கு இன்னும் சில மாதம், அப்புறம்தான் பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டி ‘ஓ, எல்லா எண்ணும் இப்படித்தானா’ என்று ஒரு தாவல் வருகிறது. உங்கள் மகள் அந்தத் தாவலுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறாள்.

நீங்கள் செய்ய வேண்டியது, கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டு சொல்லிக் காட்டுவதைக் கூட்டுவது. “இங்கே ஆறு குருவி இருக்கு, வா எண்ணலாம்” என்று மொத்தத்தை முதலில் சொல்லிவிட்டு, உடனே விரல் வைத்து எண்ணி, “ஆறு குருவி!” என்று முடியுங்கள். சும்மா எண்ணுவதையும், சும்மா எண்ணிக்கையை மட்டும் சொல்வதையும், இரண்டையும் இப்படிச் சேர்த்துச் செய்வதையும் மூன்றரை வயதுப் பிள்ளைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது (கெல்லி மிக்ஸ் குழுவினர் செய்தது). அதில் சேர்த்துச் சொன்ன முறைதான் பலன் கொடுத்தது.

இன்னொன்று, அவள் விரலைக் கவனியுங்கள். பொம்மை என்றால் எண்ணியதைத் தள்ளி வைக்கலாம், அச்சடித்த குருவியை நகர்த்த முடியாது. விரல் ஒரு குருவியிலிருந்து அடுத்ததற்குப் போய்ச் சேர்வதற்குள் வாய் இரண்டு எண் ஓடிவிடும், ஒன்பது அப்படித்தான் வருகிறது. சட்டைப் பொத்தான்கள் கொஞ்சம் எடுத்துக் குருவிக்கு ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள் (நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், பொத்தான் வாய்க்குள் போய்விடக் கூடாது). பொத்தான் ஏறாத குருவி எண்ணப்படாத குருவி என்று கண்ணுக்கே தெரியும். முடிந்ததும் எல்லாவற்றையும் அவள் உள்ளங்கையில் அள்ளிக் கொடுங்கள். பக்கத்தைத் திருப்பிய பிறகும் அந்த ஆறு அவள் கையில் இருக்கும்!

எண்கள் சொல்லித்தரும் புத்தகமாக வாங்க வேண்டுமா, சாதாரணக் கதைப் புத்தகம் போதுமா?

இரண்டும் இருக்கட்டும். ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் கதைப் புத்தகத்தைத்தான் சொல்வேன், படங்கள் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எண் புத்தகம் வாங்கினால் உள்ளே புரட்டிப் பார்த்து வாங்குங்கள். 4 என்று பெரிதாகப் போட்டு நான்கு முயல் வரைந்திருப்பார்கள், சுற்றிலும் அலங்காரத்துக்கு ஏழு பூவும் மூன்று பட்டாம்பூச்சியும் இருக்கும், பிள்ளைக்கு எதை எண்ணுவது என்றே தெரியாது. ஒன்று, இரண்டோடு நிற்கிற புத்தகமும் போதாது. கண்ணெதிரே இருக்கும் நான்கு முதல் பத்து வரையான பொருள்களைப் பற்றிப் பெற்றோர் அதிகம் பேசிய வீடுகளில் பிள்ளைகளுக்கு எண்ணின் பொருள் நன்றாகப் பிடிபட்டிருந்தது என்று 2011-ல் குண்டர்சன், லெவின் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

கதைப் புத்தகத்தில் எண்ணிக்கையைத் தாண்டி நிறைய இருக்கிறது. யார் முதலில் வந்தது, யார் மூன்றாவது, யார் யாருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, எது கனம், அடுத்த பக்கத்தில் என்ன வரும், எல்லாம் கணக்குதான். தமிழ் நமக்கு ஒரு வசதியும் செய்து வைத்திருக்கிறது: ‘எத்தனை’ என்றால் எண்ண வேண்டும், ‘எவ்வளவு’ என்றால் பெரும்பாலும் அளக்க வேண்டும். “எத்தனை குடம், எவ்வளவு தண்ணீர்” என்று ஒரே படத்தில் இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம், இலைக்குப் பின்னால் வால் மட்டும் தெரிகிற குருவி. அதை எண்ணலாமா கூடாதா? ஒரு பிள்ளை என்னிடம் “வால் இருந்தா குருவியும் இருக்கும்” என்றது. பார்க்காத ஒன்றைக் கணக்கில் சேர்ப்பது எவ்வளவு பெரிய யோசனை! அதேபோல ஒரே நாய்க்குட்டியை இடது பக்கத்தில் ஓடுவதாகவும் வலது பக்கத்தில் தூங்குவதாகவும் வரைந்திருப்பார்கள், பிள்ளை இரண்டு நாய்க்குட்டி என்று சொல்லும். தப்பு என்று சொல்லாதீர்கள். “இது அதே குட்டியா, வேற குட்டியா?” என்று கேளுங்கள்.

கதை நடுவில் எண்ணச் சொன்னால் என் மகன் புத்தகத்தை மூடிவிடுகிறான்.

அவன் செய்வது சரிதான். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்திப் பரீட்சை வைத்தால் நமக்கும் கோபம் வரும். முதல் தடவை முழுசாகப் படித்துவிடுங்கள், மூன்றாவது நான்காவது தடவையில் ஒரே ஒரு இடத்தில் நில்லுங்கள், அதுவும் கேள்வியாக வேண்டாம். நீங்களே ஒரு வாத்தை விட்டுவிட்டுத் தப்பாக எண்ணுங்கள். திருத்துவதற்கு அவனே ஓடி வருவான்.

பேரனுக்கு ஐந்து வயது. இருபத்தொன்பதுக்கு அப்புறம் “இருபத்திப் பத்து” என்கிறான். எத்தனை முறை திருத்தினாலும் மாறவில்லை. — ஒரு தாத்தா

ஐயா, அவன் மனப்பாடம் செய்யவில்லை, விதியைக் கண்டுபிடித்திருக்கிறான், நீங்கள் சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இது. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும், இருபது என்றால் இரண்டு பத்து என்று நம் எண்களின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது, அவன் அதைத்தான் நீட்டிப் பார்க்கிறான். இருபதோடு பத்து சேர்ந்தால் மூன்று பத்து, அதற்கு முப்பது என்று பெயர், இது மட்டும்தான் அவனுக்கு இன்னும் தெரியாது. தொண்ணூறு வரும்போது இன்னும் தடுமாறுவான், அப்போதும் கோபிக்க வேண்டாம். எட்டுப் பத்து எண்பது, ஆனால் ஒன்பது பத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரில் ‘நூறு’ வந்து உட்கார்ந்திருக்கிறது, பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம், பலவற்றில் பக்க எண்ணே இருக்காது. அப்படி ஒன்றை எடுத்து, ஒரு பென்சிலோடு இரண்டு பேரும் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து எண் போட்டுக்கொண்டே வாருங்கள். 9 முடிந்து 10, 19 முடிந்து 20 என்று இரண்டு திருப்பங்களை நீங்கள் போடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் “ஒரு பத்து ஆச்சு, ரெண்டு பத்து ஆச்சு” என்று மட்டும் சொல்லுங்கள். 29 வந்ததும் பென்சிலை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.