ஒரே அடுக்குமாடி புளோக்கில் எல்லா இனமும் வாழும் சிங்கப்பூரில், சிறுபான்மையினர் தங்கள் வீட்டை விற்பது மட்டும் ஏன் சிரமம்?

அந்த இனக் கலப்பைக் காக்கும் விதியேதான் காரணம். 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் ஒன்றில் சீனர் 87%, மலாய்க்காரர் 25%, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15% வரைதான் இருக்கலாம். பேட்டை அளவில் ஒவ்வொன்றும் 3 புள்ளி குறைவு.

வரம்பு எல்லா இனத்துக்கும் உண்டு, ஆனால் அடி எல்லாருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சீனர் விற்றால் சீனரே வாங்கலாம். ஒரே இனத்துக்குள் கைமாறினால் விகிதம் மாறாதே. பக்கத்து வீட்டுத் தமிழர் விற்றால் சீனருக்கு விற்க முடியாது. மக்கள்தொகையில் சுமார் முக்கால் பங்கு அப்போதே கழிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் சிலர் விலையை அடித்துப் பேசுவார்கள். விற்பனையும் மாதக்கணக்கில் இழுக்கும். அதே மாடி, அதே பரப்பளவு, கையில் வருவது மட்டும் குறைவு. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. நல்லிணக்கம் எல்லாருக்கும் பொதுவான நன்மை, அதன் செலவோ பெரும்பாலும் சிறுபான்மைக் குடும்பங்களின் தலையில்.

2022 முதல், குறைந்தது 10 ஆண்டு சொந்தமாக வைத்திருந்து, உண்மையாக முயன்றும் விற்க முடியாதவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ள முன்வருகிறது. ஆனால் அது கடைசி வழிதான்.

விற்பவரோ வாங்குபவரோ, கையெழுத்துப் போடும் முன் கழகத்தின் இணையத்தளத்தில் அந்த புளோக்கின் நிலவரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் அது மாறும்.