அவுட் ஆன பிள்ளை எங்கே போகும்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு அடுத்த மாதம் ஏழு வயது முடிகிறது. அபார்ட்மெண்ட் ஹாலில் பார்ட்டி. நான்கு வயதிலிருந்து ஒன்பது வயது வரை இருபது பிள்ளைகள் வருவார்கள். ‘கடலுக்கு அடியில்’ என்ற தீம் அவளே தேர்ந்தெடுத்தது. ஈவண்ட்காரர்கள் சொன்ன தொகையைக் கேட்டுத் தலை சுற்றிவிட்டது, அதனால் நானே நடத்தலாம் என்று இருக்கிறேன். மியூசிக்கல் சேர், பாசிங் தி பார்சல், கழுதைக்கு வால் வைப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டுகளைக் கடல் தீமுக்கு எப்படி மாற்றுவது? நாற்காலிகளில் ஆக்டோபஸ் படம் ஒட்டலாம், கழுதைக்குப் பதில் மீன் வைக்கலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். நம் பழைய விளையாட்டு ஒன்றையும் சேர்க்க ஆசை, ஆனால் தீமோடு ஒட்டாதோ என்று தயக்கம். ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு ஏதாவது யோசனை உண்டா? மாமியார் இதெல்லாம் வெட்டிச்செலவு என்கிறார்.

ஒரு வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

பார்ட்டிக்கு யோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. சில நாட்களுக்கு முன்புதான் எங்கள் குடியிருப்பில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்விட்டு வந்து, மனம் ஆறாமல் இருந்தேன்.

அங்கே தீம் ‘காடு’. வாசலில் காகிதக் கொடிகள் தொங்கின, கேக்கின்மேல் சர்க்கரை யானை நின்றது. மைக் பிடித்த இளைஞர் ஒருவர் “கிட்ஸ், ரெடியா?” என்று கத்திக்கொண்டே இருந்தார். மியூசிக்கல் சேர் தொடங்கியது. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு சிங்க ஸ்டிக்கர். பாட்டு நின்ற முதல் தடவையே, கூட்டத்தில் மிகச் சின்னவனான ஒரு பையன் நிற்கிறான், இடமில்லை. “பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்!” என்றார் மைக்காரர். அந்த நெக்ஸ்ட் டைம் அடுத்த வருஷம்தான் வரும். பையன் அழவில்லை. ஓரமாக எடுத்துப்போட்ட நாற்காலிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, சிங்கத்தின் பிடரியை நகத்தால் சுரண்டி உரிக்க ஆரம்பித்தான். கோந்து நன்றாகப் பிடித்திருந்தது, சின்னச் சின்னத் துணுக்காகத்தான் வந்தது. வந்ததையெல்லாம் தன் முழங்காலில் ஒட்டிக்கொண்டான். கைத்தட்டலோடு ஆட்டம் முடியும்போது சிங்கத்துக்கு ஒரு காதும் மூக்கும்தான் மிச்சம். அதைப் பார்த்த அவன் அம்மா அவன் கையில் ஓர் அடி வைத்தார்.

நாற்காலியில் ஆக்டோபஸ் ஒட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஏம்மா, ஒட்டிவிட்டால் அது கடல் விளையாட்டு ஆகிவிடுமா? ஸ்டிக்கரில் என்ன மிருகம் இருந்தால் அந்தப் பையனுக்கு என்ன? விதியைத் தொடாத தீம் பந்தல்காரர் வேலையோடு முடிந்துவிடுகிறது. ஃபோட்டோவில் நன்றாக வரும், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். இருபது பிள்ளைகள், பத்தொன்பது நாற்காலிகள். ஒருவர் ஜெயிக்க 19 சுற்று ஆக வேண்டும். முதலில் அவுட் ஆன பிள்ளை மீதி 18 சுற்றையும் வேடிக்கை பார்க்கிறது. சுற்றுக்கு அரை நிமிஷம் என்றாலும் ஒன்பது நிமிஷம். நான்கு வயதுக்கு ஒன்பது நிமிஷம் என்றால் என்ன என்று, டாக்டர் வீட்டு வராந்தாவில் பிள்ளையோடு காத்திருந்தவர்களுக்குத் தெரியும். எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கூட்டினால், 380 வாய்ப்புகளில் ஆடுவது 209, சும்மா உட்கார்ந்திருப்பது 171. கிட்டத்தட்ட பாதி. இதற்குப் பெயர் விளையாட்டா? அதிலும், முதலில் வெளியே போவது யார்? சின்னவன், குண்டானவள், கூச்சப்படுகிறவன், பாட்டு நின்றதைக் கவனிக்காமல் ஆடிக்கொண்டே இருந்தவள். ஓடியாட வேண்டிய பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து உட்காரவைப்பதற்கு இதைவிடத் திறமையான ஏற்பாடு கிடையாது.

தீம் மாற்றுவது ஒன்றும் உங்கள் தலைமுறையின் கண்டுபிடிப்பு அல்ல. இதே நாற்காலி ஆட்டத்துக்கு ஜெர்மனியில் ‘ஜெருசலேம் பயணம்’ என்று பெயர். ஸ்வீடன்காரர்கள் ‘கடல் முழுக்கக் கொந்தளிக்கிறது’ என்கிறார்கள். உங்கள் கடல் அங்கே தயாராகவே இருக்கிறது. ஆனால் ஜெருசலேமுக்குப் போனாலும் கடலில் விழுந்தாலும் கடைசியில் அதே நாற்காலிப் பறிப்புதான்.

கனடாவில் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டெர்ரி ஆர்லிக் என்ற உளவியலாளர், பிள்ளைகள் ஒருவரையொருவர் தோற்கடிக்காமல் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளைத் தொகுத்து 1978இல் புத்தகமாக்கினார். இந்த ஆட்டத்தை அவர் கவிழ்த்துப்போட்டார். ஒவ்வொரு சுற்றிலும் நாற்காலியை மட்டும் எடுக்க வேண்டும், பிள்ளையை எடுக்கக் கூடாது. மிச்சமிருக்கும் நாற்காலிகளில் எல்லோரும் எப்படியாவது ஏறியாக வேண்டும். மடியில் மடியாக, தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில். கடைசியில் ஒரே குவியலாகி எல்லாரும் சரிந்து விழுந்து சிரிப்பார்கள்.

இப்போது இதில் உங்கள் கடலை ஊற்றுங்கள். நாற்காலி வேண்டாம், அபார்ட்மெண்ட் ஹாலில் டைல்ஸ் போட்டிருப்பார்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து பேர் ஏறினால் கால் விரிந்து வழுக்கும். அதற்குப் பதில் செய்தித்தாள் விரித்தாலும் வழுக்கும். சாக்பீஸால் தரையில் எட்டு வட்டம் போடுங்கள், அவை தோணிகள். பாட்டு ஓடும்போது எல்லாரும் கடலில் நீந்தலாம். பாட்டு நின்றால் புயல், தோணியில் ஏற வேண்டும். ஒவ்வொரு புயலுக்கும் ஒரு தோணி முழுகும், ஈரத்துணியால் அழித்துவிடுங்கள். தண்ணீரில் ஒரு கால் பட்டாலும் மொத்தக் கூட்டமும் மறுபடி முயல வேண்டும். இரண்டு வட்டத்தில் இருபது பேரும் நின்றுவிட்டால் எல்லாருக்கும் மிட்டாய். ஒன்பது வயதுப் பையன் நான்கு வயதுக் குட்டியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பான், பாருங்கள். தோணி என்றதும் காப்பாற்றும் வேலை தானாக வந்துவிடுகிறது. தீம் மாறினால் விதி மாற வேண்டும் என்று நான் கத்துவது இதற்குத்தான்.

கடலோரத்திலேயே நிஜமான மியூசிக்கல் சேர் ஒன்று நடக்கிறது, தெரியுமா? காலிச் சங்குக்குள் உடம்பை நுழைத்து வாழும் துறவி நண்டு, வளர வளரப் பெரிய சங்குக்கு வீடு மாற வேண்டும். கரையில் பெரிய காலிச் சங்கு ஒன்று ஒதுங்கினால் சில சமயம் நண்டுகள் வந்து, பெரியதிலிருந்து சின்னது வரை வரிசை கட்டுகின்றன. முதல் நண்டு புதுச் சங்குக்குள் போனதும், அது விட்டதில் அடுத்தது, அடுத்தது விட்டதில் அதற்கடுத்தது என்று மளமளவென்று வரிசை முழுக்க மாறிவிடும். ஒரே ஒரு வீடு கூடுதலாக வந்ததால் அத்தனை பேருக்கும் நல்ல வீடு. ஆன்லைனில் சாமான் வாங்கிவிட்டுத் தூக்கிப்போடாமல் அடுக்கிவைத்திருக்கும் அட்டைப்பெட்டிகள் உங்கள் குடியிருப்பில் இல்லாமலா இருக்கும்? சின்னதும் பெரியதுமாக ஏழெட்டை எடுத்து, இந்த நண்டு வரிசையையும் ஒரு ஆட்டமாக்கிப் பாருங்கள்.

நம் பழைய விளையாட்டு தீமோடு ஒட்டாதோ என்று கேட்டதில்தான் எனக்குக் கோபம் வந்தது. அது என்ன மியூசியச் சாமானா, தொட்டால் உடைந்துபோவதற்கு?

தாமிரபரணிக் கரையில் நான் வளர்ந்த தெருவில், சாயங்காலம் விளக்கு வைக்கும் வரை ‘பூப்பறிக்க வருகிறோம்’ ஓடும். இரண்டு அணியாகக் கைகோத்து எதிரெதிரே நின்று, பாடிக்கொண்டே முன்னால் போய்ப் பின்னால் வர வேண்டும். “எந்த மாதம் வருகிறீர்?” “டிசம்பர் மாதம் வருகிறோம்.” பிறகு எந்தப் பூ, அதைப் பறிக்க யார் வருகிறார் என்ற கேள்விகள். பெயர் சொன்ன இருவரும் நடுக்கோட்டில் நின்று இழுப்பார்கள். எங்கள் தெருவில் பூக்கள் தீர்ந்துபோய்விட்டன. ஒருநாள் ஒருத்தி ‘ஜாங்கிரி’ என்றாள், அன்றிலிருந்து பலகாரம் பறிக்க ஆரம்பித்தோம். தேர்தல் வந்தபோது சின்னங்களைப் பறித்தோம். பெரியவர் யாரும் வந்து தீம் சொல்லித்தரவில்லை.

ஆலிஸ் பெர்த்தா கோம் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பிள்ளைகளின் விளையாட்டுகளை இரண்டு பாகமாகத் தொகுத்தார், 1894இலும் 1898இலும். அகரவரிசையில் போகும் முதல் பாகம் முடிவது ‘மே மாதத்துக் கொட்டைகள்’ என்ற ஆட்டத்தில். இரண்டு வரிசை, முன்னே வந்து பின்னே போகும் பாட்டு, யாரைப் பறிப்பீர், கூட்டிப்போக யாரை அனுப்புவீர், கடைசியில் கோட்டில் இழுவை. அப்படியே நம் ஆட்டம்! அதன் பாட்டில் குளிரும் பனியும் நிறைந்த காலை நேரம் வேறு வருகிறது. நம் பாட்டில் மார்கழி இல்லாமல் டிசம்பர் இருப்பதைப் பார்த்தால், ஏதோ ஒரு பள்ளிக்கூட மைதானம் வழியாக இது தெருவுக்குள் வந்திருக்கும் என்பது என் ஊகம். கொட்டை பூவாயிற்று, மே டிசம்பராயிற்று, எங்கள் தெருவில் பூ ஜாங்கிரியாயிற்று. நீங்கள் அதை முத்தாகவும் பவளமாகவும் மாற்றினால் எந்த முன்னோரும் கோபித்துக்கொள்ள மாட்டார். “முத்தெடுக்க வருகிறோம், எந்தக் கடலில் வருகிறீர்?” பாடிப் பாருங்கள், தாளம் தப்பாது.

மாறாத விதி ஒன்று உண்டு. இழுவையில் தோற்றவள் வெளியே போவதில்லை, இழுத்தவளின் அணியில் சேர்ந்துவிடுகிறாள். ஒரு சாயங்காலத்தில் நான் நாலைந்து தடவை அணி மாறியிருப்பேன். கபடியில் அவுட் உண்டு, ஆனால் தன் அணி எதிராளியை அவுட் ஆக்கினால் உட்கார்ந்தவர் எழுந்து வரலாம். மிகச் சின்னப் பிள்ளைகளுக்கோ ‘உப்புக்குச் சப்பாணி’ என்று தனி ஏற்பாடே இருந்தது. ஓடலாம், கத்தலாம், பிடிபட்டாலும் கணக்கில் வராது. வங்காளத்துப் பிள்ளைகள் அந்தக் குட்டிகளைப் ‘பால்சோறு’ என்கிறார்கள். ஆடத் தெரியாத பிள்ளையையும் ஆட்டத்துக்குள் வைத்துக்கொள்ள எட்டு வயதுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. மைக் வைத்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியவில்லை.

“தோல்வியைத் தாங்கிப் பழக வேண்டாமா, உலகம் போட்டி நிறைந்தது” என்று யாராவது ஒருவர் கருத்துப்பெட்டியில் எழுதத்தான் போகிறார். ஐயா, தோற்றுப் பழக வேண்டுமென்றால் பலமுறை தோற்க வேண்டும். முதல் சுற்றில் வெளியேறிய பையன் அன்று தோற்றது ஒரே தடவை. பிறகு ஸ்டிக்கர்தான் உரித்தான்.

மற்றதெல்லாம் சுருக்கமாக.

பார்சலில் ஒவ்வொரு காகித உறைக்குள்ளும் ஒரு சோழியும், செய்ய வேண்டிய ஒரு கடல் சேட்டையும் வையுங்கள். யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். இருபது பிள்ளைகளுக்கு இரண்டு பார்சல், இரண்டு வட்டம்.

மீனுக்கு வால் வைப்பதில் வேறொரு சிக்கல். நம் ஊர் பொங்கல் விழாவில் கண்ணைக் கட்டிக்கொண்டு பொட்டு வைக்கும் அதே போட்டிதான் இது. ஒருவர் தடவிக்கொண்டிருக்க, பத்தொன்பது பேர் வரிசையில் தள்ளுமுள்ளு. டால்ஃபின் ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்புவதை வைத்து இருட்டிலும் வழி கண்டுபிடிக்கிறது. கண்ணைக் கட்டிய பிள்ளை டால்ஃபின், மற்றவர்கள் எதிரொலி. மீனை நெருங்க நெருங்க வேகமாகக் கைதட்ட வேண்டும், விலகினால் மெதுவாக. இப்போது யாரும் சும்மா நிற்கவில்லை. நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் துணி கட்டாதீர்கள், பயந்து அலறும். கையால் பொத்திக்கொள்ளட்டும், விரலிடுக்கில் பார்த்தால் பார்க்காத மாதிரி இருங்கள்.

ஸ்டாச்சூ விளையாட்டுக்கு ரஷ்யப் பிள்ளைகளின் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். “கடல் கொந்தளிக்குது ஒண்ணு, கடல் கொந்தளிக்குது ரெண்டு, கடல் கொந்தளிக்குது மூணு, கடல் பொம்மையே, அப்படியே நில்!” நின்ற பொம்மையைத் தொட்டால் அது உயிர்பெற்று, தான் என்னவென்று நடித்துக் காட்ட வேண்டும். நண்டா, சுறாவா, நங்கூரமா என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். மிக நன்றாக நடித்தவர் அடுத்து பாட்டுச் சொல்லும் கடல் ஆவார்.

உங்கள் மகளிடம் இதுவரை தீமின் பெயரைத் தவிர வேறு ஏதாவது கேட்டீர்களா? புயல் வந்தால் திமிங்கலம் என்ன செய்யும் என்று கேளுங்கள். உட்கார்ந்த இடத்தில் இரண்டு ஆட்டம் சொல்லுவாள்.

ரிட்டர்ன் கிஃப்ட் உங்கள் பர்ஸைப் பொறுத்தது, என்னைக் கேட்காதீர்கள். பென்சில் பாக்ஸ் மட்டும் வேண்டாம், எல்லா வீட்டிலும் அரை டஜன் கிடக்கிறது. மாமியார் சொல்வது ஈவண்ட்காரர் விஷயத்தில் சரி, மற்றதில் இல்லை. அவரிடம் ஒரு விசிலைக் கொடுத்துப் புயலை அறிவிக்கிற வேலையை ஒப்படைத்துவிடுங்கள். மைக் வாடகைக்கு எடுக்காதீர்கள்.

பிள்ளைக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
அக்கா