டி750 கையில் இருக்கும்போது மிரர்லெஸ் தேவையா? – கேள்வி பதில்

டி.எஸ்.எல்.ஆர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மிரர்லெஸ் பக்கம் மனசு போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. டி.எஸ்.எல்.ஆரில் உள்ளே ஒரு மிரர் இருக்கும், லென்ஸ் வழியாக வரும் காட்சியை அது கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்கு அனுப்பும். மிரர்லெஸ்ஸில் அந்த மிரர் கிடையாது, சென்சார் பார்ப்பதை வ்யூஃபைண்டருக்குள் இருக்கும் சின்னத் திரை காட்டும். பேச்சு பொத்தாம்பொதுவாகப் போய்விடாமல் இருக்க இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 2014இல் வந்த நிகான் டி750. மற்றது 2020இல் வந்த நிகான் இசட்6 இரண்டாம் பதிப்பு. இனிமேல் அதைச் சுருக்கமாக இசட்6 என்கிறேன். இரண்டுமே ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்), இரண்டுமே 24 மெகாபிக்சல், இரண்டையும் நான் பயன்படுத்துகிறேன். நடுவில் மிரர் இருப்பதும் இல்லாததும் என்ன வித்தியாசம் செய்கிறது என்று பார்க்க இந்த ஜோடி வசதியானது.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். படத்தின் தரம் எவ்வளவு கூடும்?

கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே லென்ஸ், ஒரே வெளிச்சம், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 3200 வைத்து எடுத்த இரண்டு ரா கோப்புகளைப் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்புகள்) பெயரை மறைத்துக் காட்டினால் எது எதில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. டி750இன் சென்சார் நிழல் பகுதியைத் தூக்குவதில், அதாவது இருட்டான இடங்களைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்குவதில், இன்றைக்கும் கெட்டி. சொல்லப்போனால் இந்த ஒரு இடத்தில் பழையதுக்கே லேசாக அனுகூலம் உண்டு. மிரர்லெஸ் சென்சாரில் ஃபோகஸ் அளப்பதற்கென்று ஒதுக்கிய பிக்சல் வரிசைகள் இருக்கின்றன. எதிர்வெளிச்சத்தில் எடுத்த படத்தின் கும்மிருட்டை மிக அதிகமாகத் தூக்கினால் அந்த வரிசைகள் மெல்லிய கோடுகளாகத் தெரியக்கூடும். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கும்.

அப்படியானால் எல்லோரும் எதற்குத்தான் மாறுகிறார்கள்?

ஃபோகஸுக்காக. என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் இதற்கு அடுத்த வரிசைதான்.

டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தின் பெரும்பகுதி பிரதான மிரரில் பட்டு வ்யூஃபைண்டருக்குப் போகிறது. கொஞ்சம் அந்த மிரரைத் தாண்டி, பின்னால் இருக்கும் சின்ன மிரரில் பட்டு, கேமராவின் அடிப்பகுதியில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு இறங்குகிறது. அதாவது ஃபோகஸ் அளக்கப்படுவது ஓரிடத்தில், படம் பதிவது வேறோர் இடத்தில். இரண்டுக்குமான தூரம் மயிரிழை பிசகினாலும் கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் உட்காரும். லென்ஸின் துவாரம் சிறிதாக இருக்கும் எஃப்/8இல் இது தெரியவே தெரியாது. துவாரம் பெரிதாகத் திறந்திருக்கும் எஃப்/1.8இல் அப்பட்டமாகத் தெரியும். இதைச் சரிசெய்ய மெனுவில் கூட்டல் 20 முதல் கழித்தல் 20 வரை ஒரு அளவு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் டி750இல் ஒரு லென்ஸுக்கு ஒரே மதிப்புதான் வைக்கலாம். ஜூம் லென்ஸில் ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை பிசகும்.

மிரர்லெஸ்ஸில் படம் பதிகிற சென்சாரே ஃபோகஸையும் அளக்கிறது. இந்தத் தலைவலி அடியோடு போய்விடுகிறது. அதோடு டி750இன் 51 ஃபோகஸ் புள்ளிகள் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். முகம் ஓரத்தில் வர வேண்டுமென்றால் நடுவில் ஃபோகஸ் பிடித்துவிட்டு கேமராவைத் திருப்ப வேண்டும், அந்தத் திருப்பலிலேயே பாதி கூர்மை போகும். இசட்6இன் 273 புள்ளிகள் படத்தின் அகலத்திலும் உயரத்திலும் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டுகின்றன. கண்ணைத் தானே தேடிப் பிடிக்கவும் செய்யும். பெரிய துவாரத்தில் முகங்களை எடுப்பது உங்கள் வேலை என்றால், மாறுவதற்கு இது ஒன்றே போதும்.

நான் எடுப்பது நிலக்காட்சியும் கட்டடங்களும்தான், சார். எப்போதும் முக்காலியில்.

மாற வேண்டாம். டி750இல் காட்சியைப் பின்திரையில் காட்டும் லைவ் வ்யூவைப் போட்டால் மிரர் மேலே ஏறிக்கொள்ளும், ஃபோகஸைச் சென்சாரே பார்த்துக்கொள்ளும். மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் பிடித்தால் சரியாகப் பிடிக்கும். திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்தால் இன்னும் நல்லது. முக்காலியில் நிற்கிற வேலைக்கு ஒரு மிரர்லெஸ் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பறவைகள் எடுக்கிறேன். புதிய கேமரா என்றால் பறக்கும் பறவையை அதுவே துரத்திப் பிடிக்கும் என்கிறார்களே?

எந்தப் புதிய கேமரா என்பதைப் பொறுத்தது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இசட்6 மனிதர், நாய், பூனை ஆகியவற்றின் கண்களை அறியும், பறவை அதற்குத் தெரியாது. நொடிக்கு 14 படம் என்று போட்டிருப்பார்கள். அந்த வேகத்தில் வ்யூஃபைண்டரில் வருவது நேரலை அல்ல, சற்று முன் எடுத்த படங்கள். குறுக்கே பாயும் பறவையை அதை வைத்துத் தொடர்வது கஷ்டம். டி750இல் இருந்த 3டி டிராக்கிங் (நகரும் பொருளை ஃபோகஸ் புள்ளியே பின்தொடரும் முறை), நிகான் மிரர்லெஸ்ஸுக்குத் திரும்பி வந்ததே 2021இல் இசட்9 வந்தபோதுதான்.

ஆகவே பறவைக்கு இசட்6 வாங்கினால் பணம்தான் போகும். 2023இல் வந்த இசட்8 அல்லது அதற்கு இணையானதுக்குப் போங்கள். சென்சாரிலிருந்து தகவலைப் படிக்கும் வேகம் அதில் வேறு ரகம், படம் எடுக்கும்போது காட்சி இருட்டாகாது, பறவையையும் அறியும். அவ்வளவு செலவு முடியாதென்றால் 2016இல் வந்த டி500ஐப் பழையதாகத் தேடுங்கள். நொடிக்கு 10 படம், 153 ஃபோகஸ் புள்ளிகள். மறைவில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் காத்திருக்கும்போது அதன் வ்யூஃபைண்டர் பேட்டரியைத் தின்னாது என்பதும் ஒரு சௌகரியம்.

தோள் வலிக்காகத்தான் மிரர்லெஸ் வாங்கப் போகிறேன்.

முதலில் ஒரு தராசு வாங்குங்கள். பாடி மட்டும் பார்த்தால் டி750 750 கிராம், இசட்6 615 கிராம். சரி, குறைகிறது. இப்போது லென்ஸை மாட்டுவோம். டி750க்கான 50 மி.மீ. எஃப்/1.8ஜி 185 கிராம். இசட்6இல் லென்ஸ் மாட்டும் வாயான இசட் மவுன்ட்டின் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ் 415 கிராம். கூட்டிப் பாருங்கள்: பழைய ஜோடி 935, புதிய ஜோடி 1030. புதியதுதான் கனம்! அந்தப் புதிய 50 ஓரம்வரை பிரமாதமாக வரையும், அதை மறுக்கவில்லை. ஆனால் தோளுக்கு அது தெரியாது. எடைதான் உங்கள் காரணமென்றால் 170 கிராம் வரும் இசட் 40 மி.மீ. எஃப்/2 போன்ற சிறிய லென்ஸ்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஃப்/2.8 ஜூம்களைத் தூக்குகிறவருக்கு மிரர்லெஸ்ஸால் பெரிய நிம்மதி எதுவும் கிடைக்காது.

பழைய லென்ஸ்களை அடாப்டரில் மாட்டலாம்தானே?

மாட்டலாம், ஒரு முக்கியமான விதிவிலக்கோடு. நிகான் டி.எஸ்.எல்.ஆர்களின் எஃப் மவுன்ட்டில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 46.5 மி.மீ., இசட் மவுன்ட்டில் 16 மி.மீ. நடுவில் இருக்கும் 30.5 மி.மீ. வெற்றிடத்தை எஃப்டிஇசட் அடாப்டர் நிரப்புகிறது, உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. அதனால் தரம் குறையாது. மோட்டார் உள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்கள் நன்றாக ஃபோகஸ் ஆகும். ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்கு கேமராவிலிருந்து ஒரு திருகுதான் ஃபோகஸைச் சுழற்ற வேண்டும். அந்தத் திருகு டி750இல் உண்டு, அடாப்டரில் இல்லை. எனவே அவை கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களாகிவிடும். பையில் ஏஎஃப்-டி லென்ஸ்கள் நிறைய இருந்தால் டி750ஐ விற்காதீர்கள்.

ஒரு ஆறுதல், இசட்6 பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு) பழைய லென்ஸ்களுக்கும் வேலை செய்யும்.

கேனான்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுடைய டி.எஸ்.எல்.ஆருக்கான இஎஃப் லென்ஸ்களில் 1987இல் தொடங்கியே மோட்டார் லென்ஸுக்குள்தான்.

பேட்டரி?

சிபா என்ற பொது அளவீட்டின்படி டி750 ஒரு சார்ஜுக்கு 1230 படம், இசட்6 வ்யூஃபைண்டர் வழியாக எடுத்தால் 340. பயந்துவிட வேண்டாம், தொடர்ச்சியாகச் சுட்டால் இதைப்போல் சில மடங்கு வரும். எத்தனை படம் எடுக்கிறீர்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் கேமராவை விழிப்பாக வைத்திருக்கிறீர்கள் என்பதே மிரர்லெஸ்ஸில் கணக்கு. டி750இன் பழைய பேட்டரியே இசட்6இலும் உட்காரும், சார்ஜ் நிற்கும் நேரம் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

ஸ்டுடியோவில் ஃபிளாஷோடு எடுக்கப் பார்த்தால் வ்யூஃபைண்டர் முழுக்கக் கறுப்பு. கேமராவில் பழுதா?

பழுதில்லை. அது சொன்னபடி கேட்கிறது. எஃப்/8, 1/200, ஐஎஸ்ஓ 100 என்று வைத்திருப்பீர்கள். ஃபிளாஷ் இல்லாமல் அந்த அமைப்பில் படம் எப்படி வருமோ அதையே காட்டுகிறது. ஃபிளாஷ் வெடிக்கப்போவது அதற்குத் தெரியாது, சாதாரண ரேடியோ டிரிக்கர் அதைச் சொல்வதுமில்லை. நேரலைக் காட்சியில் அமைப்புகளைக் காட்டு என்று மெனுவில் ஒரு தேர்வு இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான மிரர்லெஸ்களில் வெவ்வேறு பெயரில் இது உண்டு. வெளியே வெயிலில் எடுக்கும்போது மறக்காமல் மறுபடி போடுங்கள். ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே எக்ஸ்போஷரை, அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதை, பார்க்க முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போதுதான் புரியும்.

மேடை நிகழ்ச்சியில் சத்தமில்லாத ஷட்டரில் எடுத்தேன். படம் முழுக்கப் பட்டை பட்டையாக இருக்கிறது.

எல்.இ.டி. விளக்கு. எலெக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் வரிவரியாக மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகிறது. அதற்குள் விளக்கு பலமுறை மினுங்கிவிடும். ஒரு வரிக்கு வெளிச்சம், அடுத்த வரிக்கு இருட்டு. வேகமான அசைவும் இதே காரணத்தால் வளைந்து தெரியும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், பெருமளவு தீரும். மௌனம் கட்டாயமென்றால் ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் பட்டை மறைகிற இடத்தைத் தேடுங்கள்.

வீடியோ?

மிரர்லெஸ். யோசிக்கவே வேண்டாம். டி750 வீடியோவில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தடுமாறும், 4கேயும் கிடையாது.

புதிய கேமராவின் ரா கோப்பு, நான் படம் திருத்தும் அடோபி லைட்ரூம் 6 மென்பொருளில் திறக்கவில்லை.

திறக்காது. அந்தப் பதிப்புக்கு 2017இன் இறுதியோடு புதுப்பிப்பு நின்றுவிட்டது. டி.என்.ஜி. என்பது அடோபியின் பொதுவான ரா வடிவம்; அவர்களுடைய இலவச டி.என்.ஜி. மாற்றியில் கோப்புகளை டி.என்.ஜி. ஆக்கிவிட்டுத் திறக்கலாம். நிகான் இலவசமாகத் தரும் மென்பொருளும் உண்டு. கேமரா வாங்கும் முன் கணினியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் சேர்ப்பதில்லை.

முதல் கேமரா வாங்கப்போகிற தங்கைக்கு எது, அண்ணா? டி.எஸ்.எல்.ஆர் இனி வராது என்கிறார்கள்.

கேனானும் நிகானும் 2020க்குப் பிறகு புதிய டி.எஸ்.எல்.ஆர் மாடல் எதையும் வெளியிடவில்லை. பென்டாக்ஸ் மட்டும் தொடர்ந்தது. புதிய லென்ஸ்கள் வருவதும் மிரர்லெஸ்ஸுக்குத்தான். வருஷக்கணக்கில் லென்ஸ் சேர்க்கப்போகிறவர் என்றால் மிரர்லெஸ். கையில் காசு குறைவு, கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் பழைய டி750 ஒன்றும் 50 மி.மீ. ஒன்றும் போதும். யாராவது இவற்றை விற்றுவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

அப்படிப் பழைய டி750 வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். 1,50,000 வரை சோதித்த ஷட்டர் அது. அதைத் தாண்டினால் உடனே நின்றுவிடாது, ஆனால் விலை பேசலாம். இந்த மாடலின் ஒரு பகுதிக்கு ஷட்டர் கோளாறுக்காக நிகான் இலவசச் சேவை அறிவித்தது. தொடர் எண்ணை வைத்து அது அந்தப் பட்டியலில் இருந்ததா, வேலை முடிந்ததா என்று பாருங்கள். எஃப்/16இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள், சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் புள்ளியாகத் தெரியும். கடைசியாக, உங்கள் லென்ஸைக் கொண்டுபோய் மாட்டி, எஃப்/1.8இல் வ்யூஃபைண்டர் வழியாக ஒரு படமும் லைவ் வ்யூவில் ஒரு படமும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே கூர்மையில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.